பஸ்ஸில் இடம் கிடைக்கவும் ஜெபம், நவம்பருக்குப் பிறகு என்ன என்பதற்கும் ஜெபமா?

வாசகர் கேள்வி, ஜூலை 3

கோயம்புத்தூரில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். நவம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. டிசம்பரில் மனைவிக்குப் பிரசவம். பஸ்ஸில் இடம் கிடைக்க, தொலைந்த சாவி கிடைக்க, மேலாளர் கோபப்படாமல் இருக்க என்று எல்லாவற்றுக்கும் ஜெபிக்கிற பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. "உலகத்தை நடத்துகிறவருக்கு உன் சாவியைத் தேடுவதுதான் வேலையா?" என்று மாமா கேட்கிறார். என் சிக்கல் வேறு. சாவிக்கு நம்ப முடிகிறது. நவம்பருக்கு நம்ப முடியவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே விசுவாசம்தானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வசனத்தை மட்டும் அனுப்ப வேண்டாம்.

ஜூலை 3, இரவு 10.15

தம்பி, முதலில் மாமாவுக்குப் பதில். அதற்கு மட்டும் வேதாகமம் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2 இராஜாக்கள் 6ஆம் அதிகாரம். யோர்தான் கரையில் மரம் வெட்டுகிறவனுடைய கோடரி தண்ணீரில் விழுந்துவிடுகிறது. "ஐயோ, என் ஆண்டவனே, அது இரவலாக வாங்கப்பட்டதே" என்று பதறுகிறான். தீர்க்கதரிசி எலிசா ஒரு கொம்பை வெட்டி எறிகிறார், இரும்பு மிதக்கிறது. ஏழு வசனங்களில் கதை முடிகிறது. எட்டாம் வசனத்தில் சீரியாவின் ராஜா யுத்தத்துக்கு வருகிறான். தோத்தான் ஊரைக் குதிரைகளும் இரதங்களும் வளைத்துக்கொள்கின்றன. அதிகாரம் முடிவதற்குள் சமாரியாவில் கொடிய பஞ்சம். இரவல் கோடரிக்கும் ஒரு நாட்டின் கதிக்கும் நடுவில் எழுதினவர் ஒரு வரிகூட இடைவெளி விடவில்லை. மாமாவிடம் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துக் காட்டுங்கள்.

இனி அனுபவம். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். உங்களுக்கு நவம்பர் என்று ஒரு மாதமாவது தெரிகிறது. எங்களுக்கு மாதமும் தெரியாது, வருடமும் தெரியாது. ஆகவே உங்கள் கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வி. நாளை எழுதுகிறேன், விடியற்காலையில் அவரை அழைத்துப்போக வேண்டும்.

ஜூலை 4, பகல் 2.30

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று மருத்துவர் அவருக்குத் தண்ணீர் அளவு சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்ததும் ஒரு பாட்டிலை எடுத்து அந்த அளவுக்கு நிரப்பி வைப்பேன். அளவுக்கோடு மகளின் சிவப்பு நகப்பூச்சால் போட்டது. காபி குடித்தால் காபி எவ்வளவோ அவ்வளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். ரசம் ஊற்றிக்கொண்டாலும் அப்படியே, மோரும் அப்படியே. இரவு படுக்கும்போது பாட்டிலில் ஒரு மடக்கு மீதியிருந்தால் அவர் முகத்தில் தெரிகிற திருப்தி இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி மடக்கைக் கட்டிலில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், வாயில் வைத்திருந்து விழுங்குவார்.

இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவருக்கு, வாழைத்தார் தொங்குகிற வீட்டில் பிறந்தவருக்கு, இதுதான் சாப்பாடு.

இதற்கெல்லாம் ஜெபிக்கிறோமா என்று கேட்டால், ஆம், ஒவ்வொன்றுக்கும். இடது மணிக்கட்டுக்கு மேலே இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். விரலை வைத்தால் உள்ளே ஓடுகிற இரத்தம் விறுவிறுவென்று அதிர்வது தெரியும். அந்த அதிர்வு நின்றுவிட்டால் அவசரம், உடனே ஓட வேண்டும். ஆகவே தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குடும்ப ஜெபம் நடப்பது அப்படித்தான். என் விரல் அவருடைய மணிக்கட்டில் இருக்கும், அவர் ஜெபிப்பார். கர்த்தருடைய ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்ற இடம் வரும்போது தண்ணீரையும் சேர்த்துச் சொல்வார்.

ஜூலை 4, இரவு 9.40

"மருத்துவர் சொன்ன அளவைக் கோடு போட்டுப் பின்பற்றுவது விசுவாசமா, வெறும் கட்டுப்பாடா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டையும் ஏன் பிரிக்கிறீர்கள்? வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்தபோது தலைக்கு ஒரு ஓமர் என்று அளவு கொடுத்தவர் கர்த்தர்தான். அளந்து எடுத்தவர்கள் நம்பாதவர்கள் ஆகிவிடவில்லை. அளவை மீறிச் சேமித்து வைத்தவனுடையதுதான் காலையில் பூச்சிபிடித்து நாறியது.

ஜூலை 6, காலை 6.10

மன்னாவைப் பற்றி எழுதியது போதவில்லை. அதை மட்டும் வாசித்துவிட்டு யாராவது "நாளையைப் பற்றி நினைக்கவே கூடாது" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்திலேயே இன்னும் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஆறாம் நாளில் இரண்டு மடங்கு எடுக்கச் சொல்கிறார், அது மறுநாள் வரை கெடவில்லை. ஒரு ஓமர் நிறைய எடுத்து வரப்போகிற தலைமுறைகள் பார்ப்பதற்காகக் கலசத்தில் வைக்கச் சொல்கிறார், அதுவும் கெடவில்லை. ஒரே பொருள், ஒரே வனாந்தரம். வைக்கச் சொன்னதை வைத்தார்கள், நின்றது. பயத்தில் பதுக்கியது புழுத்தது.

எனக்கு இது நடைமுறையில் பயன்படுகிறது. மாத்திரை பத்து நாளைக்கு முன்கூட்டியே வாங்கி வைப்பேன். காப்பீட்டு அட்டையின் நகல் மூன்று இடத்தில் இருக்கிறது. ஆனால் "அடுத்த வருடம் இந்நேரம் இவர் இருப்பாரா" என்ற கணக்கை மட்டும் எடுத்து வைப்பதில்லை. அதை வைக்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூலை 7, பிற்பகல் 4.00

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். ஜார்ஜ் முல்லரைப் பற்றி ஒருவர் இங்கே குறிப்பிட்டிருக்கிறார், சாப்பாடு இல்லாத காலையில் ஜெபித்ததும் ரொட்டியும் பாலும் வந்த கதை. ஞாயிறு பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் தெரிந்த கதை அது. நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். என்னைப் பிடித்து இழுத்தது முல்லரின் கணக்கு.

1836இல் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியவர் அவர். 1849இல் ஆஷ்லி டவுன் மேட்டில் முதல் கட்டடம், 1870க்குள் ஐந்து பெரிய கட்டடங்கள், ஏறக்குறைய இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு இடம். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்று தீர்மானம். கேட்காமல் வந்த ஒவ்வொன்றையும் அவர் எழுதி வைத்தார். பெரிய தொகை மட்டுமில்லை, சில்லறைக் காசு, கத்தி, கரண்டி, கிண்ணம், மோதிரம் எல்லாம். ஆண்டறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார். கடவுளை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு ரசீது கொடுக்காத ஊழியங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. முல்லரின் விசுவாசத்தை நான் நம்புவதற்கு முக்கியமான காரணமே அந்தக் கரண்டிக் கணக்குதான். அப்பத்தைத் தினமும் வாங்குகிறவன் தினமும் எழுதுகிறான்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. முல்லருடைய மனைவி மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். அவர் இந்தியாவுக்கு வந்து ஊழியம் செய்தபோது அவரோடு சேர்ந்தவர் நம் திருநெல்வேலிச் சீமையின் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810-1867). அவரும் நிலையான சம்பளம் வேண்டாம் என்று சொல்லி, கிறிஸ்தியான்பேட்டையில் அன்றாடம் வருவதைக்கொண்டு குடும்பத்தையும் ஊழியத்தையும் நடத்தினார். 1860இல் அங்கிருந்து தொடங்கிய எழுப்புதலைப் பற்றிச் சபைச் சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். அவரும் நாட்குறிப்பு எழுதியவர். பிரிஸ்டலில் ஒரு கணக்குப் புத்தகம், இங்கே ஒரு நாட்குறிப்பு, நடுவில் ஒரே குடும்பத்து உறவு. இந்தத் தொடர்பு தெரிந்த நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 9, மாலை 6.20

இன்று டயாலிசிஸ் பிரிவில் எல்லோரும் சிரித்தோம். ஏரல் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு எடை மிகவும் ஏறியிருந்தது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் குடித்ததெல்லாம் எடையில் காட்டிக்கொடுத்துவிடும். "தாத்தா, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?" என்று நர்ஸ் கேட்டது. "நான் எங்கே குடித்தேன் தாயி, மழை பெய்தபோது கொட்டாவி விட்டேன், அவ்வளவுதான்" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் மிஷின் அலாரம் அடித்துவிட்டது.

ஜூலை 11, இரவு 8.50

அந்தப் பிரிவில் நோயாளிகள் நான்கு மணி நேரம் நகர முடியாது, வெளியே பெஞ்சில் இருக்கிற எங்களுக்கும் வேலை கிடையாது. பேச்சுத்தான். ஆழ்வார்திருநகரியிலிருந்து மனைவியை அழைத்து வருகிற ஒரு ஐயங்கார் ஐயா இருக்கிறார். இங்கே நாம் எழுதிக்கொண்டிருக்கிற இந்தக் கேள்வி பதிலைப் பற்றி அவரிடம் சொன்னேன். "எங்களிடம் இந்த வழக்கு பல நூறு வருடமாக நடக்கிறதம்மா" என்றார். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும், பிடி தளர்ந்தால் விழும். பூனைக் குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய்தான் கவ்விக்கொண்டு போகிறது. சரணாகதி எதைப் போன்றது? வைணவத்தின் இரண்டு பிரிவுகளில் வடகலையார் குரங்கைக் காட்டுவார்கள், தென்கலையார் பூனையைக் காட்டுவார்கள். அவர் தென்கலை.

"நீங்கள் பாட்டிலில் கோடு போட்டுத் தண்ணீர் கொடுக்கிறீர்களே, நீங்கள் வடகலை" என்றார். பக்கத்தில் மேலப்பாளையத்து அம்மா ஒருவர். "ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்று எங்கள் நபி சொல்லியிருக்கிறார், அப்படியானால் இவர் எங்கள் பக்கம்" என்றார். மூன்று பேரும் கையில் ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு பேசிய பேச்சு இது.

ஐயா சொன்ன இன்னொன்றை விட முடியவில்லை. 14ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை திருவரங்கத்துக்கு வந்தபோது, பிள்ளை உலகாசாரியார் என்ற வைணவ ஆசாரியர் மிகவும் முதிர்ந்த வயதில் உற்சவப் பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே புறப்பட்டாராம். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. அதன் பிறகும் பெருமாள் ஊர் ஊராகப் போய், திருவரங்கம் திரும்பியது 1371இல். திரும்பும் என்று அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அன்றன்றைக்கு அமுது படைத்தார்கள், விளக்கேற்றினார்கள், அடுத்த ஊருக்கு நடந்தார்கள் என்றார் ஐயா. என் கர்த்தர் வேறு, அவருடைய பெருமாள் வேறு, அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் அன்று அவர் பேசியபோது என் கேள்வியைப் புரிந்துகொண்ட ஒரு மனிதரோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று நன்றாகத் தெரிந்தது.

ஜூலை 13, இரவு 11.30

மாற்று சிறுநீரகத்துக்கு முயலவில்லையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். என்னுடையது பொருந்தவில்லை. அவருடைய தம்பிக்குச் சர்க்கரை. ஆகவே மாநிலப் பதிவேட்டில் பெயர் கொடுத்திருக்கிறோம். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைக் காத்திருப்போருக்கு வரிசைப்படி கொடுக்கிற திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கிறது. ஒருநாள் தொலைபேசி வரும், உடனே புறப்பட வேண்டும். பை ஒன்று கட்டி அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறோம்.

இங்கேதான் நான் மிகவும் தடுமாறினேன். அந்த அழைப்பு வர வேண்டும் என்று எப்படி ஜெபிப்பது? அது வருகிறதென்றால் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை பைக்கில் போனவன் திரும்பவில்லை என்று அர்த்தம். சபையில் "கர்த்தர் சீக்கிரம் ஒரு கிட்னியைத் தருவார்" என்று ஒரு அம்மா தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அன்போடுதான் ஜெபித்தார்கள். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

பல நாள் இதற்கு ஜெபிக்காமலேயே இருந்தேன். பிறகு ஒரு வழி கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவில் ஒரு தாயும் தகப்பனும் உறுப்புதானச் சம்மதப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்காக இல்லாவிட்டாலும் யாருக்காகவாவது. அவர்களுக்காக ஜெபிக்கிறோம். அவர்களைத் தாங்கும் என்று கேட்கிறோம். எங்கள் பெயரை அந்த ஜெபத்தில் சேர்ப்பதில்லை. எங்கள் தேவை அவருக்குத் தெரியும், தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்றால் பதிவேட்டில் இருக்கிற எண்ணும் எண்ணப்பட்டிருக்கும்.

ஜூலை 14, காலை 5.45

"விசுவாசம் முழுமையாக இருந்தால் மிஷினே தேவைப்படாது, சுகம் வந்திருக்கும்" என்று நேற்று இரவு ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நான் விடப்போவதில்லை.

டோனாவூருக்குப் போயிருக்கிறீர்களா? களக்காட்டுப் பக்கம், மலையடிவாரம். ஏமி கார்மைக்கேல் 1901இல் அங்கே வந்து, கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்தார். அவரும் யாரிடமும் பணம் கேட்டதில்லை. அரிசிக்கும் பாலுக்கும் ஜெபித்தவர், வந்தது. குழந்தைகளுக்கு ஜெபித்தவர், நூற்றுக்கணக்கில் வந்தார்கள். அப்பேர்ப்பட்டவர் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் அவருடைய அறையும் கட்டிலும்தான். சுகத்துக்கு ஜெபிக்க ஆள் இல்லாமலா? வீடு நிறையப் பிள்ளைகள், பிள்ளைகள் நிறைய ஜெபம். சுகம் வரவில்லை. அந்தக் கட்டிலில் இருந்துகொண்டே புத்தகம் எழுதினார், கடிதம் எழுதினார், ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளையும் நினைவில் வைத்திருந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல உங்களுக்குத் தைரியம் இருந்தால் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். டயாலிசிஸ் கட்டிலில் ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்கிறவனிடம் சொல்லாதீர்கள். ஏற்கெனவே அவன் சுமக்கிறதற்குமேல் குற்ற உணர்வையும் ஏற்றாதீர்கள்.

ஜூலை 17, இரவு 9.05

கேள்வி கேட்ட தம்பி நேற்று மறுபடி எழுதியிருக்கிறார்: "அக்கா, நீங்கள் சொல்வதெல்லாம் ஒரு நாளைத் தள்ளுவதற்கு உதவுகிறது. நவம்பரைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை." சரி. எனக்குத் தெரிந்த ஒரே ஆள் எரேமியா தீர்க்கதரிசிதான். 32ஆம் அதிகாரம்.

சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருடம், கிறிஸ்துவுக்கு முன் 587 வாக்கில். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. ஊர் விழப்போகிறது என்று எரேமியாவே சொல்லிக்கொண்டிருக்கிறார், அதற்காகவே அவரைக் காவற்சாலையின் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா மகன் வருகிறான்: ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள். எதிரிப் படை நாட்டை விழுங்கிக்கொண்டிருக்கும்போது நிலம்! நம் ஊரில் யாராவது வாங்குவார்களா? எரேமியா வாங்குகிறார், கர்த்தர் சொன்னார் என்பதற்காக.

வாங்குகிற விதத்தைப் பாருங்கள். பதினேழு சேக்கல் வெள்ளி, நம் கணக்கில் சுமார் இருநூறு கிராம். தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், முத்திரை வைக்கிறார், சாட்சிகளையும் கையெழுத்துப் போடச் செய்கிறார். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று, நம் மூலப்பத்திரமும் நகலும் மாதிரி. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். எந்த சார்பதிவாளரும் குறை சொல்ல முடியாத பதிவு. எதிர்காலம் முழுவதும் இருட்டாக இருந்த மனிதன் ஒரு சாட்சிக் கையெழுத்தைக்கூட விடவில்லை.

எனக்கு முக்கியமானது அடுத்த பகுதி. இதையெல்லாம் முடித்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார். "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை" என்று தொடங்குகிறார். முடிக்கும்போது என்ன சொல்கிறார்? நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறதே, நீர் என்னைப் போய் நிலம் வாங்கு என்கிறீரே என்கிறார். சந்தேகம்! பத்திரம் பதிந்து, பானைக்குள் வைத்த பிறகு வருகிற சந்தேகம். கர்த்தர் அதற்காக அவரைத் திட்டவில்லை. பதில் சொல்கிறார்.

தம்பி, நம்பிக்கை நெஞ்சில் நிறைந்த பிறகு காரியத்தைச் செய்யலாம் என்று காத்திருந்தால் எரேமியா அந்த நிலத்தை வாங்கியிருக்க மாட்டார். தராசில் வெள்ளியை நிறுத்ததுதான் அன்றைக்கு அவருடைய நம்பிக்கை. நீங்கள் விசுவாசத்தை நெஞ்சில் தேடுகிறீர்கள், இரவு இரண்டு மணிக்கு அது அங்கே கிடைக்காது. பகலில் நீங்கள் செய்து வைத்ததில் போய்ப் பாருங்கள்.

ஜூலை 17, இரவு 9.30

ஒன்று விட்டுப்போனது. எரேமியா அந்த நிலத்தில் ஒரு நாளும் உழவில்லை. நகரம் விழுந்தது. பிற்பாடு அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்களின் பெயர்ப்பட்டியல் வருகிறது. எல்லோரும் வாசிக்காமல் தாண்டிவிடுகிற பகுதி. 23ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர், 128 பேர். கணக்கு எழுதுகிறவள் என்பதால் பட்டியல்களை விடாமல் வாசிப்பேன். அந்த எண்ணைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன்.

ஜூலை 20, மாலை 7.15

"எரேமியாவுக்குக் கர்த்தர் நேரடியாகச் சொன்னார். உங்களுக்கு யார் சொன்னார்கள்?" நல்ல கேள்வி. எங்களுக்கு நிலம் வாங்கு என்று குரல் எதுவும் வரவில்லை. வந்ததாகச் சொல்கிறவர்களிடம் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருப்பேன். நாங்கள் செய்தது சின்னது.

போன பங்குனியில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து, அவசரமாகச் சேர்த்து, திரும்பி வந்த வாரம். மருத்துவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர் அஞ்சலகத்துக்குப் போக வேண்டும் என்றார். எதற்கு? மகள் பெயரில் ஒரு ஆர்.டி., மாதாமாதம் கட்டுகிற சேமிப்புக் கணக்கு, தொடங்க. அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடம். ஐந்து வருடமா என்று நான் கேட்கவில்லை, கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆட்டோவில் போனோம். கவுன்ட்டரில் நின்று படிவத்தை அவரே நிரப்பினார், ஊசி குத்திய கையில் வலி இருந்ததால் எழுத்து கோணலாக வந்தது. கையெழுத்து மாதிரி அட்டையில் இருப்பதுபோல் இல்லை என்று எழுத்தர் திருப்பிக் கொடுத்தார். மறுபடி போட்டார். நாமினி என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். முதல் தவணை ஐந்நூறு ரூபாய் கட்டினோம். பாஸ்புத்தகம் இப்போது பீரோவில் மற்றப் பத்திரங்களோடு இருக்கிறது.

அன்று இரவு நான் அழுதேன். அவரும் தூங்கவில்லை. "ஆண்டவரே, ஐந்து வருடக் கணக்கைத் தொடங்கியிருக்கிறோம், என்ன நினைக்கிறீர்?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. பதில் எனக்குக் கேட்கவில்லை. மறுமாதம் தேதி வந்ததும் தவணையைக் கட்டினேன்.

ஜூலை 22, பகல் 1.10

தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், மனைவிக்கு மகப்பேறு நிதியுதவிக்குப் பதிவு செய்துவிட்டீர்கள், பிள்ளைக்குத் தொட்டில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறீர்கள், ஆனால் "வேலை உறுதியான பிறகு வாங்கலாம்" என்று தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். தொட்டிலை வாங்கிவிடுங்கள். கடன் வேண்டாம், கையில் இருப்பதற்குத் தகுந்த தொட்டில். ரசீதை வாங்கி வையுங்கள். பஸ்ஸில் இடத்துக்கும் தொடர்ந்து ஜெபியுங்கள், உங்கள் அம்மா சரியாகத்தான் பழக்கியிருக்கிறார்கள். விழித்துக்கொள்கிற நேரத்தில் நவம்பரைப் பற்றி அவரிடமே நேராகக் கேளுங்கள், எரேமியா கேட்ட மாதிரி, உள்ளதை உள்ளபடி.

பெயரையும் மனைவியின் பெயரையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். காலை ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறோம். காய்கறி ஊறவைக்கிற முறையைக் கேட்ட சகோதரிக்கு இன்று இரவு தனியாக எழுதுகிறேன், உருளைக்கிழங்குக்கும் கீரைக்கும் முறை வேறு.